கயோலேச் சந்தையில் சிறுத்துப்போன சைக்கிள்கள்

இத்தாலியின் டஸ்கனியில் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூர். அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறன்று அங்கே எரோய்கா என்னும் சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. ஜான்கார்லோ ப்ரோச்சி 1997-இல் தொடங்கியது. 1987-க்கு முன் செய்த ரேஸ் சைக்கிள்களுக்கான ஓட்டம் அது. கியர் நெம்புகோல் பிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். இந்த விதிகள் பரணில் கிடந்த வண்டிகளுக்கு மறுபடி விலை கொடுத்திருக்கின்றன. ஓட்டத்தையொட்டிக் கூடும் பழைய பாகச் சந்தையில், ஸ்பேனரும் கிரீஸ் படிந்த துணியுமாக நிற்கும் மெக்கானிக்குகளின் வேலையைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தவரையில் ஒன்று உறுதிப்பட்டது. ஓட்டுகிற பிள்ளை வளர்ந்து வண்டி சிறுத்துப் போனபின், அதை அவனுக்கே இழுத்துப் பிடித்துப் பொருத்துவதைவிட, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து அளவு பொருந்துகிறவரிடம் சேர்ப்பதுதான் இந்த வேலையின் உயர்ந்த பகுதி.

சீட்டையும் ஹேண்டிலையும் உயர்த்திக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு வரை போதும். ஆனால் சீட் போஸ்ட், ஸ்டெம் பலவற்றில் இதற்குமேல் ஏற்றாதே என்று ஒரு கோடு பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் குழாய்க்குள் மிஞ்சும் பிடிமானம் போதாது. ஏறி உட்காருகிறவரின் எடை மெல்லிய எஃகுக் குழாயின் விளிம்பை நெம்பும், பிரேம் விரியக்கூடும். இன்னொன்று, உயரம் கூடினாலும் மேல்குழாயின் நீளம் மாறுவதில்லை. நீண்ட ஸ்டெம் போட்டு அதை ஈடுகட்டினால் உடல் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. டஸ்கனியின் சரளைச் சாலையில் இறங்கும்போது அது நல்லதல்ல. 50 சென்டிமீட்டர் பிரேம் நெடிய இளைஞனுக்குத் தொல்லை. குள்ளமான பெரியவருக்கு அதுவே சரியான வண்டி.

விற்பதற்குமுன் செய்யும் ஓவராயில்தான் என்னை அதிகம் கவர்ந்தது. இத்தாலியப் பிரேம்களில் பெடல் அச்சின் வலப்பக்கக் கப்புக்கும் வலச்சுற்று மரைதான். மிதிக்க மிதிக்கத் தானாகத் தளரும் குணம் அதற்கு உண்டு. ஆங்கிலேயப் பிரேமில் அந்தப் பக்கம் இடச்சுற்று. இது தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்தால் நல்ல பிரேமே வீணாகும். ஹப்பில் பால்ஸ் மாற்றிப் புதுக் கிரீஸ் வைத்தபின் கோனை இறுக்குவது விரல்நுனி வேலை: அச்சு ஆடவும் கூடாது, கரகரக்கவும் கூடாது. நம்மூரில் பெண்டு எடுப்பது என்கிறோமே, அதுவும் அப்படித்தான். ஸ்போக்கைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிக் காத்திருக்க வேண்டும். பெயின்ட் மட்டும் தொடாமல் விடுவதே நல்லது. புதுப் பெயின்ட் வண்டியைப் பளபளப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ஸ்டிக்கரும் வண்ணமும் போனால் அது எந்த ஆண்டு வண்டி, யார் செய்தது என்பதற்கான சாட்சியும் போகிறது. விரிசலையும் பட்டி பார்த்து மறைத்திருப்பார்களோ என்ற சந்தேகமும் வாங்குகிறவருக்கு வரும்.

சாதாரண வண்டிக்கு இவ்வளவு செலவழித்தால் விற்றுக் கிடைக்கும் பணம் அதை ஈடுகட்டாதே என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுக் கேபிள், பிரேக் கட்டை, கிரீஸ் போதும். மிச்சக் குறைகளை மறைக்காமல் சொல்லி விற்கலாம். பிரேம் அளவை மேல்குழாயின் நடுவரை எடுத்தார்களா, சீட் குழாயின் உச்சிவரை எடுத்தார்களா என்பதில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எது என்று சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சீட் போஸ்ட் அசைகிறதா என்று பார்த்தாக வேண்டும். எஃகுக் குழாய்க்குள் வருடக்கணக்கில் அசையாமல் இருந்த அலுமினியப் போஸ்ட் அரித்துப் பிடித்துக்கொள்ளும்; எண்ணெய் விட்டு நாட்கணக்கில் ஊறவைத்தும் வராமல் போவதுண்டு. அப்படிப் பிடித்துப்போன வண்டி முந்தையவரின் கால் நீளத்திலேயே நின்றுவிடும். அதன் பிரேம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் புதியவர் தன் உயரத்துக்குச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது.