காத்திருக்கும் கணனி

விரைவு என்பது நம் காலம் வழிபடும் தெய்வங்களுள் ஒன்று. கடுகதிப் புகையிரதம், கடுகதிப் பாதை, கடுகதித் தபால் என அதற்கு நாம் எடுத்த கோயில்கள் பல. அவ்வரிசையில் அண்மையில் எழுந்த பெருங்கோயில் கணனி. ஒரு கணனியை வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது அதன் வேகத்தை. விற்போர் முதலில் புகழ்வதும் அதனையே. ஆயின் அவ்வேகம் யாது, எங்கிருந்து பிறக்கிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது என வினவுவோர் மிகச் சிலர். அவ்வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டுமே உரியன என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் நம் வீடுகளுக்கு எத்துணை இழப்பைத் தருகிறது என்பதைக் கொழும்பின் இரு பகுதிகளிலும் கண்டவன் என்ற முறையில் சிலவற்றைக் கூற விழைகின்றேன்.

முறைவழியாக்கியைக் கணனியின் மூளை என்பர். அதனுள்ளே ஒரு கடிகாரம் இடையறாது துடிக்கின்றது. அத்துடிப்புக்கு ஏற்பவே கூட்டல், ஒப்பிடல், எடுத்து வைத்தல் ஆகிய சிறு தொழில்கள் நிகழ்கின்றன. 1971 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முறைவழியாக்கியில் 2,300 திரான்சிஸ்டர்களே இருந்தன. 1978 இல் வந்த 8086 இல் அவை 29,000 ஆயின. அது வினாடிக்கு 50 இலட்சம் முறை துடித்தது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பென்ரியம் 4 வினாடிக்கு 150 கோடி முறை துடித்தது. 22 ஆண்டுகளில் 300 மடங்கு வளர்ச்சி! மனிதன் செய்த வேறெந்தப் பொறியும் இவ்வாறு விரைவு பெற்றதாக யாம் அறியோம்.

இந்த ஓட்டம் 2004 இல் சட்டெனத் தளர்ந்தது. 380 கோடித் துடிப்பை எட்டிய நிலையில், 400 கோடியை எட்டவிருந்த பென்ரியம் 4 ஐ வெளியிடும் திட்டத்தை இன்ரெல் அவ்வாண்டிலேயே கைவிட்டது. அதன்பின் 2023 ஆம் ஆண்டில்தான், அதுவும் உச்ச நிலையில் சிறிது நேரத்திற்கு மட்டும், 600 கோடித் துடிப்பைத் தொடும் முறைவழியாக்கியொன்று சந்தைக்கு வந்தது. முன்னர் 22 ஆண்டுகளில் 300 மடங்கு. பின்னர் 19 ஆண்டுகளில் இரு மடங்குகூட இல்லை. இதற்குக் காரணம் யாது?

காரணம் வெப்பம். திரான்சிஸ்டர்கள் சிறுத்துச் செல்லுந்தோறும் அவற்றுக்கு வேண்டிய மின்னழுத்தமும் குறையும். ஆதலால் ஒரே பரப்பில் எத்தனை திரான்சிஸ்டர்களைச் செறித்தாலும் வெளிப்படும் வெப்பம் பெரிதும் மாறாது என ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேர்ட் டெனாட்டும் அவர்தம் குழுவினரும் 1974 இல் காட்டினர். முப்பது ஆண்டுகள் அவ்விதி பொய்க்கவில்லை. ஆனால் திரான்சிஸ்டர் மிகமிகச் சிறிதானபோது, அணைக்கப்பட்ட நிலையிலும் அதனூடே மின்னோட்டம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. துடிப்பைக் கூட்டினால் வெப்பம் கூடும். அதற்கென மின்னழுத்தத்தையும் உயர்த்தினால், அவ்வுயர்வின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பன்மடங்காகும். இயற்கை இட்ட இவ்வேலியை எந்த விளம்பரமும் தாண்டவில்லை.

வெள்ளவத்தையில் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் குடியிருக்கும் எனக்கு இவ்வேலி நூலறிவாக மட்டும் தோன்றுவதில்லை. இங்கே பகற்பொழுதில் அறையின் வெப்பம் 30 பாகையை எளிதிற் கடக்கும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் காலி வீதியின் புழுதியும் கணனியின் விசிறிக்குள் புகுந்து படிந்துவிடும். காற்று உட்செல்ல வழியின்றி முறைவழியாக்கியின் வெப்பம் 100 பாகையை அணுகும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானாகவே துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. 300 கோடிக்கு விலை கொடுத்தவர் அதிற் பாதியையும் பெறாதிருக்கலாம். ஒரு சிறு தூரிகையும் சற்றுப் பொறுமையும் திருப்பித் தரக்கூடிய வேகம் அது.

வெப்பத்தினும் பெரிய தடை ஒன்றுண்டு, அது காத்திருத்தல். முறைவழியாக்கி எத்துணை விரைவுடையதாயினும், கணிக்க வேண்டிய தரவு அதன் கைக்கு வந்து சேர்ந்தாலன்றி அது யாதும் செய்ய இயலாது. வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் முறைவழியாக்கியொன்றின் ஒரு துடிப்பை ஒரு வினாடி என வைத்துக்கொள்வோம். மிக அருகிலுள்ள பதுக்கு நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஏறத்தாழ 4 வினாடி ஆகும்; மேசை மீதுள்ள பேனாவை எடுப்பது போன்றது அது. சற்றுத் தொலைவிலுள்ள பதுக்கு நினைவகத்துக்கு 40 வினாடி. அடுத்த அறைக்குச் சென்று வரும் நேரம். முதன்மை நினைவகத்துக்கோ 4 அல்லது 5 நிமிடம். ஒழுங்கை முனைக் கடைக்குப் போய்வரலாம். நகரும் பகுதிகளற்ற திண்மநிலைச் சேமிப்பகத்தை நாடினால் மூன்றரை நாள்; யாழ்ப்பாணம் சென்று உறவினரைக் கண்டு மீளலாம். சுழலும் வன்தட்டை நாடினாலோ ஏறத்தாழ 347 நாள். ஓர் ஆடிவேல் விழாவிலிருந்து அடுத்த ஆடிவேலை நெருங்கும் காலம்! அத்துணைக் காலமும் அந்த விரைவுமிக்க மூளை அவ்வேலையைப் பொறுத்தவரை கைகட்டி நிற்கின்றது.

இக்காத்திருத்தலைக் குறைக்கவே அறிஞர் பல உபாயங்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று முன்னூகம். நாள்தோறும் வரும் வாடிக்கையாளர் படியேறும்போதே அவருக்குரிய பிளேன்ரீயை ஊற்றத் தொடங்கும் கடைக்காரரைப் போல, அடுத்து வேண்டப்படுவது யாதென ஊகித்து முறைவழியாக்கி முன்கூட்டியே வேலையைத் தொடங்குகிறது. ஊகம் பலித்தால் நேரம் மிச்சம். பிழைத்தால் செய்த வேலையைக் கொட்டிவிட்டு மீளத் தொடங்கும். ஆனால் கொட்டிய தேநீரின் மணம் கடையில் நிற்பதுபோல, கைவிட்ட வேலையின் தடயம் பதுக்கு நினைவகத்தில் எஞ்சுகிறது. அத்தடயத்தைக் கொண்டு மறைபொருளைத் திருடலாம் என்பது 2018 சனவரியில் 'ஸ்பெக்ரர்', 'மெல்ற்டவுண்' என்னும் பெயர்களால் உலகறிந்தது. அதனை அடைக்கச் செய்த திருத்தங்கள் பல கணனிகளின் வேகத்தைக் குறைத்தன. அவசரத்திற்கு விலையுண்டு என்பது பொறிக்கும் பொருந்தும்போலும்.

மற்றோர் உபாயம், ஒரே சில்லில் பல கருக்களை வைத்தல். 2005 முதல் இது பெருவழக்காயிற்று. ஆயின் எட்டுக் கருக்கள் எட்டு மடங்கு வேகத்தைத் தந்துவிடா. ஜீன் அம்டால் என்பார் 1967 இலேயே இதனை எடுத்துக் காட்டினார். கோயில் அன்னதானத்திற்குப் பத்துப் பேர் கூடிக் காய்கறி நறுக்கலாம். ஆனால் ஒரு கிடாரத்துச் சோறு வேகும் நேரத்தைப் பத்தால் வகுக்க இயலாது. ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கு பகிரத்தக்கதாயினும், பத்துக் கருக்கள் தருவது ஐந்து மடங்குக்குச் சற்று மிகையே; எண்ணிறந்த கருக்களைச் சேர்த்தாலும் பத்து மடங்கை மீற இயலாது.

இவ்வறிவெல்லாம் வீட்டுக்கு எவ்வாறு பயன்படும் என ஒருவர் வினவலாம். 2022 ஆம் ஆண்டை நினைவு கூர்கின்றேன். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்தது. கணனியின் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டாததாயிற்று. அந்நாளில் கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் மகள் பல்கலைக்கழக இறுதி ஆண்டில் இருந்தாள். அவளது மடிக்கணனி விழித்தெழவே பல நிமிடங்கள் எடுத்தது. மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துள் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டியவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் பொன்னாக இருந்தது. காட்டிய கடையில், முறைவழியாக்கி பழையது, புதிய கணனி வாங்குவதே வழி என்றனராம்.

"புதுசுதான் வேணுமாம், தம்பி. இந்தக் காப்பைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோவம் எண்டு இருக்கிறன்" என்று தாயார் கையைக் காட்டினார்.

கணனியை இயக்கி, அதன் உறுப்புகள் எவ்வளவு உழைக்கின்றன எனக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். முறைவழியாக்கி பத்தில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை. வன்தட்டோ நூற்றுக்கு நூறு எனத் திணறிக்கொண்டிருந்தது. நினைவகம் 4 கிகாபைற்று மட்டுமே. அது நிரம்பியதால் மிகுதி முழுவதும் வன்தட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட முறைவழியாக்கி உண்மையில் வேலையின்றிக் காத்திருந்தது! வன்தட்டுக்கு மாற்றாகத் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றும் இன்னொரு 4 கிகாபைற்று நினைவகமும் பொருத்தினோம். விசிறியைத் துப்புரவு செய்தோம். இயக்கும்போதே தாமாக விழித்துக்கொள்ளும் தேவையற்ற செயலிகளை நீக்கினோம். புதிய கணனியின் விலையில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று. அரை நிமிடத்துள் கணனி விழித்தது. ஆய்வேடு உரிய நாளில் சென்றடைந்தது. காப்பு தாயாரின் கையிலேயே இருந்தது.

இதனைக் கொண்டு பழையதே என்றும் போதும் என நான் வாதிடவில்லை. வெள்ளவத்தையில் எனது அயலவரான ஒரு பொறியியல் மாணவர், பாலமொன்றின் தாங்குதிறனைக் கணிக்கும் நீண்ட கணிப்புகளைச் செய்துவந்தார். அவருடைய கணனியில் அதே பக்கத்தைத் திறந்தபோது, எல்லாக் கருக்களும் மணிக்கணக்காக முழுமூச்சாய் உழைத்துக்கொண்டிருந்தன, வன்தட்டு உறங்கிக்கொண்டிருந்தது. அங்கே புதிய முறைவழியாக்கிக்குச் செலவிடுவதே முறை. நோய் எதுவென அறிந்தபின் மருந்து கொடுத்தல் வேண்டும் என்பதே இரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம். அளந்து பாராது வேகத்தைப் பற்றிப் பேசுதல், நாடி பிடியாது மருந்து சொல்வதை ஒக்கும்.

நிரல் எழுதும் மாணவர்க்கும் இங்கு ஒரு செய்தி உண்டு. ஆயிரக்கணக்கான நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணை ஒன்றின் எண்களைக் கூட்டுக. நினைவகத்தில் அவை அடுக்கப்பட்ட வரிசையிலேயே கூட்டினால் ஒரு நேரம். குறுக்கே தாவித் தாவிக் கூட்டினால் அதனிற் பல மடங்கு நேரம். விடை ஒன்றே, கூட்டல்களின் தொகையும் ஒன்றே. வேறுபடுவது காத்திருத்தல் மட்டுமே. அவ்வாறே, வரிசைப்படுத்திய பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றை முதலிலிருந்து தேடினால் பத்து இலட்சம் படிகள்வரை நேரலாம். நடுவே பிளந்து பிளந்து தேடினால் 20 படிகளே போதும். பணம் கொடுத்து வாங்கும் எவ்வேகமும் இச்சிந்தனை தரும் வேகத்துக்கு ஈடாகாது.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி அவர்களின் தலைமையில் 'சக்தி' என்னும் முறைவழியாக்கிகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2018 இல் சண்டிகருக்கு அருகே 180 நானோமீற்றர் அளவிலான தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டது. உலகச் சந்தையின் அளவுகோலில் அது பழைய தொழில்நுட்பம், மெதுவானது. ஆனால் ஒரு மின்மானிக்கோ நீரிறைக்கும் பொறியின் கட்டுப்பாட்டுக்கோ 300 கோடித் துடிப்பு எதற்கு? வேகம் தேவையோடு ஒப்பிடப்பட வேண்டியதேயன்றித் தனித்து நின்று பெருமை பேசுவதற்குரியதன்று.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பு பல பழைய முறைவழியாக்கிகளை ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள எத்தனையோ கணனிகள் பழையன என ஒதுக்கப்படுகின்றன. அவற்றுட் பல, லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களின் துணையுடன் இன்னும் பல்லாண்டு உழைக்க வல்லன. எது பயன்படும், எது பயன்படாது என்னும் தீர்ப்பை விற்பவரிடமே ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகுமா? நம் தாய்மார் கையிலுள்ள காப்புகளின் கணக்கு எந்த விற்பனைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அதனை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள், அளக்கக் கற்ற பல்கலைக்கழக மாணவராகிய நீங்களே.