அப்பாவுக்கு ஹாரன் கேட்கிறது, நான் பேசுவதுதான் கேட்கவில்லை

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அடிக்கடி வந்து விழும் செய்தி ஒன்று உண்டு. ஏதோ ஓர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அதிகாரிகள் திடீர் சோதனை, பேருந்துகளில் ஏர் ஹாரன் பறிமுதல், ஓட்டுநர்களுக்கு அபராதம். ஊரும் எண்ணிக்கையும் மட்டும்தான் மாறும். கழற்றிய ஹாரன்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, பின்னால் அதிகாரிகள் நிற்கும் படமும் கூடவே வரும். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் இந்தச் செய்திக்கு எத்தனை தலைப்பு வைத்திருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் அப்பா ஞாபகம் வரும்.

அப்பா ஏற்காட்டில் லாரி ஓட்டியவர். 27 வருடம். காபி மூட்டை, மிளகு, சில்வர் ஓக் மரம் என்று சீசனுக்கு எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவார். மளிகைச் சாமானும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு திரும்ப மலையேறுவார். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் ஊர் வழக்கில் 'பெண்டு'.

அந்தப் பாதையில் ஹாரனுக்கு அர்த்தமே வேறு. "கீழ சேலத்துல அடிச்சா 'தள்ளிப் போ'ன்னு அர்த்தம் பாப்பா. இங்க அடிச்சா 'நான் வர்றேன், நீ எங்க இருக்க'ன்னு கேக்குறது" என்பார். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. ஆனால், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி ஏறி வருவது கண்ணுக்குத் தெரியாதே! அப்பா பெண்டுக்கு முன்னால் ஒரு முறை அடித்துவிட்டுக் காத்திருப்பார். பதில் வந்தால் ஓரம் கட்டுவார். வராவிட்டால் இன்னொன்று அடித்துவிட்டுத் திருப்புவார். பனிமூட்டம் இறங்கிய மாலைகளில், எதிரே வரும் வண்டியின் விளக்கைவிட அதன் ஹாரன்தான் முதலில் வந்து சேரும்.

அவர் கிளீனராகச் சேர்ந்த காலத்தில் சில லாரிகளில் ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம்' என்று அலறும் பித்தளை ஹாரன் இருந்ததாம். "அந்த அடித்தொண்டைச் சத்தம் பெண்டைச் சுத்தி வரும். கீச்சுன்னு கத்துறது மலையில முட்டி நின்னுடும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. இயற்பியலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 85 சென்டிமீட்டர். 4,000 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை சென்டிமீட்டர்தான். நீளமான அலைகள் தடையைச் சுற்றி எளிதாக வளையும். குட்டை அலைகளால் அந்த அளவு முடியாது.

அந்த 4,000 என்ற எண்ணை நான் அடுத்து பார்த்தது அப்பாவின் காது டெஸ்ட் ரிப்போர்ட்டில்.

சென்ற வருடம் முழுக்க, போனில் நான் எதைக் கேட்டாலும் "ம்... ம்..." என்றார். அல்லது சம்பந்தமில்லாத பதில். "சாப்ட்டீங்களா?" என்றால் "ஆமா, மழைதான்" என்பார். சிக்னல் சரியில்லை என்று ஆரம்பத்தில் அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். மலையில் எல்லாப் பழியையும் சிக்னல் மேல் போட்டுவிடலாம். கடைசியில் சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ரிப்போர்ட்டில் ஒரு கோடு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. வலது காதில் பள்ளம் இன்னும் ஆழம். ஜன்னல் பக்கக் காது.

பல வருடம் அதிக சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் அடி விழும் என்றார் மருத்துவர். ஹாரன் மட்டும் காரணமில்லை, கேபினுக்குள் இரையும் இன்ஜினுக்கும் பங்கு உண்டு என்றார். பிறகு அவர் விளக்கியது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பேச்சில் உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. ச, ட, த, ப போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. ஆக, அப்பாவுக்கு என் பேச்சில் உயிர் கேட்கிறது, மெய் போய்விட்டது. 'சாப்ட்டீங்களா' என்பது அவருக்கு 'ஆ...ஈ...ஆ' என்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்டி ஹாரன்களோ பெரும்பாலும் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம். அது தெளிவாகவே கேட்கிறது.

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு. இந்தக் கணக்கை அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். "இதெல்லாம் லோடு ஏத்தறப்ப யார் சொன்னா?" என்று கேட்டார்.

அன்று இரவு ஷிஃப்டில் ஹாரனின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் கிடைத்தார். 1908 வாக்கில் சந்தைக்கு வந்த 'கிளாக்ஸன்' ஹாரனைக் கண்டுபிடித்த அமெரிக்கர். மெல்லிய உலோகத் தகட்டின் நடுவில் ஒரு குமிழ், அதில் பல் சக்கரம் உரசி உரசிச் சுற்றும், 'ஆ...ஊ...கா' என்று கத்தும். பழைய ஆங்கிலப் படங்களில் கார்களும், நீருக்குள் இறங்கும் நீர்மூழ்கிகளும் எழுப்புகிற அதே சத்தம். 'கிறீச்சிடு' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரைப் பிடித்தார்கள்.

இதே ஹட்சிசன் அதற்கு முன்னால் செய்த பொருள் என்ன தெரியுமா? மின்சாரத்தில் இயங்கும் காது கேட்கும் கருவி. இங்கிலாந்தின் ராணி அலெக்ஸாண்ட்ரா அதைப் பயன்படுத்தியிருக்கிறார். பின்னாளில் ஹட்சிசன் தலைமைப் பொறியாளராக வேலை பார்த்தது எடிசனிடம். எடிசனுக்கும் காது மந்தம். 'ஹாரனால் ஊரையே செவிடாக்கிவிட்டுக் கருவியை விற்கிறார்' என்று ஒரு கிண்டல் மார்க் ட்வைன் பெயரில் உலவுகிறது. ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

கிளாக்ஸன் என்ற பெயருக்குக் கிடைத்த வாழ்வு தனிக்கதை. பிரெஞ்சு, இத்தாலி, ஜப்பான் மொழிகளில் கார் ஹாரனுக்கே அதுதான் பெயர். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் 1922 மே மாதம், புதுமை விரும்பிய இளம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஒரு மாத இதழ் தொடங்கி அதற்கு 'கிளாக்ஸன்' என்று பேர் வைத்தார்கள். 'ஒதுங்குங்கள், வருகிறோம்' என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? 1923 ஜனவரியோடு இதழ் நின்றுவிட்டது. பிரிட்டனில் 'கிளாக்ஸன்ஸ்' என்ற இசைக்குழு 2007-இல் மெர்க்குரி பரிசு வாங்கியது. போட்டியில் இருந்தவர்களில் ஆமி வைன்ஹவுஸும் ஒருவர் என்றால் பாருங்கள்.

நமக்குக் கிளாக்ஸன் வந்து சேரவில்லை, ஹாரன்தான் வந்தது. ஆனால், சத்தக் கருவியின் பேரைப் பத்திரிகைக்கு வைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. சிங்கப்பூரில் 1935-இல் 'தமிழ் முரசு', திருவாரூரில் 1942-இல் 'முரசொலி', பிறகு 'சங்கொலி'. இசையிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'ஹார்ன்' என்றால் மாட்டின் கொம்பும் ஊதுகிற வாத்தியமும். தமிழில் 'கொம்பு' என்றாலும் அதே இரண்டும்தான். கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுகிறவரும் 'சாமி வருது, வழி விடுங்க' என்றுதானே ஊதுகிறார்!

இந்தோனேசியாவில் சாலையோரச் சிறுவர்கள் பேருந்து ஓட்டுநர்களிடம் "ஓம் தெலோலெட் ஓம்" என்று கத்துவார்கள். 'மாமா, ஹாரன் அடிங்க மாமா' என்று அர்த்தம். 2016 டிசம்பரில் அது உலகம் முழுக்க வைரலாகி, பெரிய பெரிய டி.ஜே.க்கள் அந்தப் பல சுர ஹாரனை வைத்துப் பாட்டே போட்டார்கள். நம் மோட்டார் வாகன விதிகள் (1989, விதி 119) அப்படிப் பல சுரம் பாடும் ஹாரனையும், காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடை செய்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 2,000. மத்திய அமைச்சர் நிதின் கட்கரியோ, புல்லாங்குழல், தபலா, வயலின் போன்ற வாத்தியங்களின் ஓசை ஹாரனில் வரவேண்டும் என்று 2025 ஏப்ரலில் பேசினார். இதை அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன். "பனியில புல்லாங்குழல் கேட்டா எவன் பிரேக் அடிப்பான்? நின்னு ரசிப்பான்" என்றார். இதில் நான் அப்பா கட்சி.

அதற்காக ஏர் ஹாரனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கோடை விழா சமயத்தில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முன்னால் நகர இடமே இல்லாத வரிசையில் கடைசிக் கார் அடித்துக்கொண்டே இருக்கும். பெண்டிலோ நிலைமை தலைகீழ். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யும் பாட்டும் போட்டுக்கொண்டு ஏறும் வண்டிகளுக்கு, கீழே இறங்குகிறவர் அடிப்பது உள்ளே போவதே இல்லை. அடிக்க வேண்டிய இடத்தில் அடிப்பதும் கிடையாது. அப்பா காலத்து ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு இப்போது பாதி நேரம் பதில் வருவதில்லை. சத்தம் மட்டும் கூடிவிட்டது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். லாரியை அவர் விட்டு நாலு வருடம் ஆகிறது. மொபெட்டை விடவில்லை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் அதில்தான் போகிறார். கருவி மாட்டச் சொல்லி மூன்று மாதம் சண்டை. "ஹாரன் கேக்குது இல்ல? அது போதும்" என்பதே அவர் வாதம். மருத்துவரும் நானும் சொன்னது வேறு. பின்னால் வருகிற வண்டியின் டயர் சத்தம், சைக்கிள் மணி, 'ஐயோ பாத்து' என்று யாராவது கத்துவது, இதெல்லாம் ஹாரன் இல்லையே. பேட்டரி ஸ்கூட்டர்கள் வேறு சத்தமில்லாமல் ஏறி வருகின்றன.

கடைசியில் பொங்கலுக்கு நான் போயிருந்தபோது கருவியை மாட்டிக்கொண்டார். முதல் நாள் முழுக்கப் புகார். ஃபிரிட்ஜ் ஏன் இப்படி இரைகிறது, அம்மா ஏன் தட்டை இப்படி வைக்கிறாள், இத்தனை குருவிகள் எங்கிருந்து வந்தன? "சாப்ட்டீங்களா?" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டேன். "கத்தாத பாப்பா, சாப்ட்டேன்" என்றார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரோட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். காற்று இரைச்சல் தாங்கவில்லையாம். இதில் மட்டும் எங்கள் பேச்சு எடுபடவில்லை. அதனால் அம்மா ஓர் ஏற்பாடு செய்திருக்கிறாள். சந்தைக்குத் தனியாக விடுவதில்லை; பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள். வண்டி வந்தால் முதுகில் ஒரு தட்டு. லாரி என்றால் இரண்டு.