ஆறப் பொறுக்காத பானம்

“ஆக்கப் பொறுத்தவைக்கு ஆறப் பொறுக்கேல்லையோ?” என்று அம்மம்மாவிடம் பேச்சு வாங்காத ஆட்கள் எங்களுக்குள் இல்லை. அவசரத்தில் சோற்றுக்குள் கைவைத்து விரலைச் சுட்டுக்கொள்கிறவர்களுக்கான பழமொழி அது. ஆற வைப்பது ஒரு வேலையே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களிடம் இந்தப் பழமொழி எடுபடாது. அவர்களுக்கு ஆற வைப்பதுதான் அன்றைய நாளின் முக்கியமான வேலை.

நாங்கள் நாலு பேர், யாழ்ப்பாணத்தில் ஒரே போடிங்கில் இருந்து கலைப்பீடத்தில் படிக்கிறோம். வெளிநாட்டுக்காரர் தங்கள் குசினியில் பியர் காய்ச்சும் வீடியோக்களை இரவிரவாகப் பார்க்கிற பழக்கம் எங்களில் ஒருத்தனுக்குத் தொற்றி, பிறகு எல்லோருக்கும் பரவியது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே நாங்கள் கைவைத்தது ஜிஞ்சர் பியரில். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஒரு சிட்டிகை மதுவம். சாமான்கள் வேறு என்றாலும் ஆற வைக்கிற பிரச்சினை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் பியரின் கதையைச் சொல்லிவிடுகிறோம். முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தால் ஓர் இனிப்பு நீர் வரும். அதற்கு வோர்ட் என்று பெயர். அதைக் கசப்புக்காக ஹொப்ஸ் பூவும் போட்டு ஒரு மணித்தியாலமளவில் கொதிக்க விடுவார்கள். கொதிக்கும்வரை பயமில்லை, உள்ளே இருந்த கிருமிகள் அநேகமாக எல்லாம் செத்துவிடும். பயம் தொடங்குவது அடுப்பை நிறுத்திய பிறகுதான். மதுவம் ஓர் உயிர். கொதிக்கிற நீரில் போட்டால் செத்துவிடும், 20 பாகைக்குக் கிட்ட வந்த பிறகுதான் போடலாம். ஆனால் 60 பாகைக்குக் கீழே இறங்கின இனிப்பு நீரில் பற்றீரியாவும் காட்டு மதுவங்களும் குடியேறத் தொடங்கும். யார் முதலில் வந்து குந்துகிறார்களோ அவர்களுடைய ருசிதான் கடைசியில் போத்தலுக்குள் இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. மால்ட்டில் இருக்கிற ஒரு பொருள், சூடு இருக்கும்வரை அவித்த சோள மணம் தருகிற ஒன்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும். கொதி நின்று மெல்ல ஆறினால் உள்ளேயே தங்கிவிடும். கெதியாகக் குளிர்ந்தால் புரதங்கள் திரண்டு அடியில் படிந்து பியர் தெளியும். இதற்காகத்தான் செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து, கொதித்த பானைக்குள் இறக்கி, குழாய்க்குள்ளால் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுகிறார்கள். வீடியோக்களில் 20 நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் அந்த 20 நிமிடம் செப்புக் குழாயின் கெட்டித்தனம் மட்டுமில்லை, அந்த ஊர்த் தண்ணீரின் குளிரும்தான். எங்கட கிணற்றுத் தண்ணீர் 28 பாகை. எத்தனை வாளி அள்ளி ஊற்றினாலும் அதற்குக் கீழே பானை இறங்காது. தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த எங்கள் நண்பன் சிரித்தான். “எங்க லயத்து பைப்புல காலையில மூஞ்சி கழுவுனா பல்லு கிட்டிரும்டா. இங்க என்னடா வெந்நி வருது!” வெள்ளைக்காரர் 1881இல் நுவரெலியாவில் பியர் ஆலை வைத்ததற்கும் இந்தக் குளிர்தான் காரணம். ஜேர்மனியில் பவேரியாவின் பிரபு ஒருவர் ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சவே கூடாது என்று 1553இல் கட்டளையிட்டார், கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போகிறது என்பதற்காக. அதே பவேரியாவில்தான் 1870களில் கார்ல் வொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்தார். அதை முதலில் கேட்டு நின்றவர்கள் பியர் ஆலைக்காரர்கள். நாங்கள் இன்றைக்குக் கறி வைத்து எடுக்கிற பிரிட்ஜின் பூட்டன் ஒரு பியர் ஆலையில்தான் பிறந்தான்.

எங்களிடம் செப்புச் சுருளும் இல்லை, மலைத் தண்ணியும் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுக்கிற வெப்பம், ஒரு லீற்றர் தண்ணீரை 80 பாகை சூடாக்கத் தேவையான வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமன். ஆகவே விலை கொடுத்து வாங்குகிற ஐஸைத் தொடக்கத்திலேயே கொட்டுவது வீண். 95 பாகையிலிருந்து 45 வரை இறக்கக் கிணற்றுத் தண்ணீரே போதும். அதற்குப் பிறகு சூட்டு வித்தியாசம் குறையக் குறைய இறக்கம் மந்தமாகும், குளிர் தேவைப்படுவது அங்கேதான்.

நாங்கள் செய்தது இது. 5 லீற்றருக்கு 200 கிராம் இஞ்சி, அரைக் கிலோ சீனி. முழுத் தண்ணீரையும் இஞ்சியோடு கொதிக்க வைக்காமல் 2 லீற்றரில் மட்டும் காய்ச்சினோம். மற்ற 3 லீற்றரை முதல் நாளே கொதிக்க வைத்து, மூடி, பிரிட்ஜில் வைத்துவிட்டோம். காய்ச்சிய சருவத்தை மூடியோடு கிணற்றடியில் ஒரு பெரிய பேசின் தண்ணீருக்குள் இறக்கி, பேசின் தண்ணீரை இரண்டு தரம் மாற்றினோம். 45 பாகைக்கு வந்ததும் குளிர்ந்த 3 லீற்றரையும் ஊற்ற, 23 பாகை! ஐஸுக்குச் செலவே இல்லை. தேசிக்காய்ப் புளியும் மதுவமும் போட்டுப் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களில் அடைத்தோம். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், அமுக்கம் கூடினால் வெடிக்கும். போத்தலை அமத்திப் பார்த்துக் கல்லு மாதிரி இருந்தால் உடனே பிரிட்ஜுக்குள்.

ஆறுவதை அவசரப்படுத்தாதவர்களும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறவர்கள், கொதித்த வோர்ட்டைச் சூட்டோடு பிளாஸ்டிக் கலனில் நிரப்பி, காற்றுப் போகாமல் இறுக்கி மூடி, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். பெல்ஜியத்தில் லம்பிக் காய்ச்சுகிறவர்கள் நேரெதிர். குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சி, அகலமான தட்டைத் தொட்டியில் திறந்தபடி இரவு முழுக்க ஆற விடுவார்கள். காற்றிலும் கூரையிலும் இருக்கிற மதுவங்கள் வரட்டும் என்று அழைப்பது மாதிரி. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விசயம் வேகத்தில் இல்லை என்று விளங்கும். ஆறுகிற நேரத்தில் யாரை உள்ளே விடுகிறோம், யாரை விடவில்லை என்பதுதான் விசயம்.

இதை நாங்கள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நாலாமவன் வாய் திறந்தான். “கள்ளும் இப்பிடித்தானே. அது இறக்க முதலே நொதிக்கத் தொடங்கியிடும்.” அவன் அப்பா சீவல் தொழில் செய்கிறவர். படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவன் விவசாயம் என்று எழுதுவான். அதற்கான காரணத்தை இந்த ஊரில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கு அவனாகவே போனை எடுத்து, அப்பாவை ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பியவை, முதல் பாத்திரத்தைக் கவனியுங்கோ, தண்ணி பிறகு. முட்டியில பழைய மண்டி கிடந்தா கள்ளு கெதியாப் புளிச்சிடும். வெயில் ஏற முதல் இறக்கிப் போட வேணும். கருப்பணி வேணுமெண்டா உள்ளுக்குச் சுண்ணாம்பு பூச வேணும், அப்பதான் புளிக்காது.”

அவர் சொன்னது அத்தனையும் வீடியோக்காரர் சொன்னதுதான். கழுவு, சூட்டையும் நேரத்தையும் கவனி, வேண்டாததை உள்ளே விடாதே. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் இறக்குவது பானையின் சூட்டை, இவர் இறக்குவது மரத்து முட்டியை. பார்லி நீரை 20 பாகைக்குக் கொண்டுவரும் கலைக்குப் புத்தகமும் இயந்திரமும் இருக்கின்றன. விடியப்புறம் பனையில் ஏறி, முட்டிக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று கண்ணாலேயே மட்டுக்கட்டுகிற அறிவு தவறணை வாசலோடு நின்றுவிடுகிறது. சாதியமைப்புப் பற்றிய பாடத்தில் சீவல் தொழில் ஒரு பெயராக வரும். முட்டி கழுவுகிற வேலை அதில் வராது.

போத்தல்கள் இரண்டாம் நாள் கல்லாகின. குளிர வைத்து உடைத்தபோது நுரை மேலெழுந்தது, இஞ்சிக் காரம் மூக்கில் ஏறியது, கெட்ட மணம் துளியும் இல்லை. ஒரு போத்தலை அவன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனான். அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, “சீனி கூடிப் போச்சு, ஆனா சுத்தமாச் செய்திருக்கிறியள்” என்றாராம். அடுத்த முறை சீனி 400 கிராம்.