கதவில்லாத மன்றம்

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை தமிழ் இலக்கிய மன்றத்திற்கு உரியது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்தடியில் மாணவர்கள் வட்டமாக அமர்வார்கள். கவிதை படிப்பார்கள், வழக்காடுவார்கள், சில நேரங்களில் வெறுமனே சிரித்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பறையில் வாய் திறவாத பிள்ளைகள் அந்த நிழலில் பேசத் தொடங்குவதை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

மன்றம் என்பது ஊருக்குப் பொதுவான வெளியைக் குறிக்கும் பழஞ்சொல். ஊர் நடுவே மக்கள் கூடிய இடம் அது. அதற்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஆண்டுதோறும் முதல் கூட்டத்தில் இப்பொருளை மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அச்சொல்லுக்கு நானே பொருள் கற்றுக்கொண்டது, பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டில்தான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2019 டிசம்பரில், மன்ற உறுப்பினர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஓலையில் பெயர் ஏறுவதற்கு வேண்டிய தகுதிகளையும் கல்வெட்டு சொல்கிறது: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, மறைநூல் அறிவு. நான் விளக்கி முடித்ததும், மேல்நிலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "நெலம் இல்லாதவங்க அப்ப எங்கம்மா நின்னுருப்பாங்க?"

நல்ல கேள்வி என்றேன். பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டது. விடை சொல்லாமலே ஊர் திரும்பினோம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. உலகெங்கும் 190க்கு மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் கல்விக்கூடம் செல்ல இயலாது போனதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. காஞ்சிபுரத்தில் கோவில் நடைகள் சாத்தப்பட்டன. திருமணங்கள் தள்ளிப்போனதால் பட்டுக் கடைகள் நிறைந்த காந்தி சாலை வெறிச்சோடியது. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து சரிகையும் வருவது தடைப்பட, பல வீடுகளில் தறியின் ஓசை அடங்கியது.

பாடங்களுக்கு ஏதோ ஒரு வழி பிறந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. மன்றத்தை யார் நினைப்பார்கள்? அது தேர்வுக்கு உரியதன்று. ஆயினும், அந்தப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்று, சூன் மாதத்தில் புலனக் குழு ஒன்றைத் தொடங்கினேன். மன்ற உறுப்பினர் 42 பேர். அவர்களில் 36 பேரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. மற்ற அறுவரிடம், "பள்ளி திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காணொலிக் கூட்டம். முதல் நாள் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் மாணவர்களின் முகங்களைக் கண்டபோது என் கண்கள் நிறைந்தன. ஒருவன் பேசும்போது பின்னால் குக்கர் கூவியது, எல்லாரும் சிரித்தோம். வேப்பமரம் மீண்டும் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து எண்ணிக்கை குறைந்தது. ஒழுங்கு வேண்டும் என்று எண்ணினேன். கூட்டத்திற்குத் தொடர்ந்து வராதவர்களும், குழுவில் பதில் இடாதவர்களும் விலக்கப்படுவர் என்று விதி வகுத்தேன். விதியைச் செயற்படுத்தவும் செய்தேன். ஓர் இரவு ஏழு பெயர்களை நீக்கினேன். ஒவ்வொரு முறை விரலால் தொட்டபோதும், திரையில் அவர் நீக்கப்பட்ட செய்தி தோன்றியது. பள்ளியில் ஒரு மாணவரை வெளியே அனுப்ப வேண்டுமானால் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே அந்தத் தடை இல்லை. ஏழு பேரை நீக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூலையில் பள்ளியில் பாடநூல்கள் வழங்கப்பட்டன. நீக்கப்பட்டவர்களுள் ஒருத்தி வரவில்லை. உத்திரமேரூரில் கேள்வி கேட்ட மாணவி அவள். புத்தகங்களை நானே எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்திற்கு நடந்தேன்.

அவள் வீட்டின் முன்கட்டில் குழித்தறி இருந்தது. அவளுடைய தாத்தா தறியில் அமர்ந்திருந்தார். பக்கவாட்டில் அமர்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள் அவள். காஞ்சிபுரத்துப் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். இரண்டும் இழை இழையாகக் கோர்க்கப்பட்டு ஒன்றாகும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஆகையால் நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் தேவை. ஊரடங்குக்கு முன் ஏற்றிய பாவு அது. துணைக்கு வந்துகொண்டிருந்தவர் வெளியூர்க்காரர். பேருந்து ஓடாததால் அவர் வரவில்லை. அந்த இடத்தில் பேத்தி அமர்ந்திருந்தாள்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பாட்டி, "உக்காருங்க டீச்சரம்மா" என்று மணையை நகர்த்தினார். "ஏன் குழுவில் ஒரு சொல்கூடப் பேசவில்லை?" என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள்.

"போன் அப்பாவோட போயிடும்மா. தறி நின்னதால அப்பா காய்கறி வண்டி தள்றாரு. ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் வருவாரு. அதுக்கப்புறம் எல்லாத்தையும் படிப்பேன். நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்கல்லாம் பேசி முடிச்சிருப்பீங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுடுவேன்."

சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "எடுத்ததுக்கப்புறமும் பழசெல்லாம் போன்லயே இருக்கும்மா. அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்."

என்னால் உடனே பேச முடியவில்லை. அவள் இரவுதோறும் மன்றத்திற்கு வந்துகொண்டிருந்தாள். நான்தான் அவளைக் காணவில்லை. நிலம் இல்லாதவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று அவள் கேட்ட கேள்விக்கான விடை என் முன்னே நின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கால் வேலி நிலம் தகுதியாக இருந்தது. நானோ, என்னை அறியாமலே, காலை பத்து மணிக்குக் கையில் இருக்கும் திறன்பேசியைத் தகுதியாக்கியிருந்தேன்.

அன்றிரவே ஏழு பேரையும் மீண்டும் சேர்த்தேன். குழுவில் என் தவற்றைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். பிறகு, மன்றத்தை எவ்வாறு நடத்தலாம் என்று மாணவர்களிடமே கேட்டேன். ஒரு வாரம் பேசி அவர்கள் வகுத்த முறை, நான் வகுத்ததைவிட நன்றாக இருந்தது.

நேரடிக் கூட்டம் மாதம் ஒருமுறை போதும் என்றார்கள். வெள்ளிக்கிழமை தலைப்பு வரும். அடுத்த வியாழன் இரவு வரை யார் எப்போது வேண்டுமானாலும் பதில் தரலாம். காணொலி வேண்டா, அது இணையத் தரவை விரைவில் தீர்த்துவிடும். இரண்டு நிமிடத்திற்கு மிகாத குரல் பதிவே போதும். எழுத விரும்புவோர் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பலாம். திறன்பேசி இல்லாத அறுவருக்கும் அவரவர் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு துணை உண்டு. முகக்கவசம் அணிந்து திண்ணையில் நின்று தலைப்பைச் சொல்லி, எழுதியதை வாங்கி வருவது துணையின் வேலை. மாதந்தோறும் தலைவர் மாறுவார். எப்படித் தேர்ந்தெடுப்பது? குடவோலைதான் என்றான் ஒருவன். 42 பெயர்களையும் எழுதி எங்கள் வீட்டுச் சொம்பில் இட்டோம். பெயர் ஏறத் தகுதி எதுவும் கேட்கவில்லை.

அந்நாள்களில், 1937இல் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பள்ளிகள் திறப்பதைத் தள்ளிவைத்து, வானொலி வழியே பாடம் நடத்திய செய்தியைப் படித்தேன். எந்தப் பாடம் எந்நேரம் என்பதை நாளிதழ்கள் அச்சிட்டன. வானொலிப் பெட்டி இல்லாத வீடுகளும் அங்கே இருந்தன. கருவி எதுவாயினும், அது இல்லாத வீடு ஒன்று இருந்தே தீரும் போலும். அந்த வீட்டை முதலில் தேடிச் செல்வதே நடத்துபவரின் கடமை என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

செப்டம்பரில் தலைவர் பொறுப்பு, திறன்பேசி இல்லாத அறுவருள் ஒருவனுக்கு வந்தது. அவன் தந்த தலைப்பு, 'எங்கள் வீட்டுத் தொழிலின் சொற்கள்'. அதுவரை கவிதை எழுதத் தயங்கிய பிள்ளைகளெல்லாம் அதற்குப் பதில் தந்தார்கள். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்ப் பிள்ளைகள் மதகையும் கலங்கலையும் விளக்கினார்கள். கோவில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி அவிக்கும் முறையை ஒருத்தி சொன்னாள்.

நெசவாளர் வீட்டு மாணவியின் குரல் பதிவு இரவு ஒன்பதரை மணிக்கு வந்தது. பின்னணியில் தாத்தா தறியடிக்கும் ஓசை கேட்டது. இடையிடையே பாட்டி அவளைத் திருத்தினார். நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு இழைகளைத் தூக்கவும் தாழ்த்தவும் விழுது. ஊடையை நெருக்கி அடிக்க அச்சு. அடுத்துப் பிணைப்பைப் பற்றிச் சொன்னாள். ஒரு பாவு நெய்து முடியும்போது அதை முழுவதும் அறுத்து எடுத்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய இழைகளின் நுனியை விட்டுவைப்பார்கள். புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் விரலால் முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! "ஒண்ணு விட்டுப்போனாலும் சேலையோட நீளம் பூரா ஒரு கோடு தெரியும்னு பாட்டி சொல்றாங்க" என்று முடித்தாள்.

அந்தப் பதிவை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. மாணவர்கள் தொகுத்த சொற்கள் முந்நூறைத் தாண்டின. அவற்றை அழகிய கையெழுத்து உடையவர்கள் பகிர்ந்து எழுத, நூல்கொண்டு தைத்துக் கையெழுத்து இதழாக்கினோம். பல சொற்களை எழுத்தில் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டேன். கற்பிக்கச் சென்ற நான் கற்றுக்கொண்டவை அவை.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்காகப் பள்ளிகள் திறந்தபோது, வேப்பமரத்தடியில் இடைவெளி விட்டு அமர்ந்தவர்கள் 40 பேர். ஒருவன் படிப்பை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டிருந்தான். இன்னொருத்தியின் குடும்பம் பிழைப்புக்காக வேறு ஊருக்குப் பெயர்ந்திருந்தது. அவர்கள் தந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நான் ஏழு பெயர்களை நீக்கிய இரவில், அந்த இருவர் பெயரும் இருந்தன. குழுவில் அவர்களை மீண்டும் சேர்த்தேன். ஆனால், வீடு தேடிச் செல்லச் சில வாரங்கள் தாமதித்துவிட்டேன். முன்பே சென்றிருந்தால் ஏதேனும் மாறியிருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று வருகையைப் பதிய நான் பேரேட்டை விரித்தேன். 42 பெயர்களையும் படிக்கும்படி அம்மாணவி கேட்டுக்கொண்டாள். படித்தேன். இல்லாத இருவரின் பெயர்கள் வந்தபோது வட்டத்தில் யாரும் பேசவில்லை. மர உச்சியில் காகங்கள் மட்டும் கரைந்துகொண்டிருந்தன. பிறகு அவள் தன் பையிலிருந்து கையெழுத்து இதழை எடுத்து, பிணைப்பு என்னும் சொல் உள்ள பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தாள். இதழ் கைமாறிக் கைமாறி வட்டத்தைச் சுற்றி வந்தது.

பள்ளிகள் முழுமையாகத் திறந்து, அந்தப் பிள்ளைகளும் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார்கள். புலனக் குழு இன்றும் இருக்கிறது. விடுமுறைக் காலங்களில் புதிய மாணவர்கள் அதில் கூடுகிறார்கள். அதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: கூட்டம் தொடங்குமுன், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டும், வராதவர் வீட்டிற்கு யாரேனும் ஒருவர் போய்வர வேண்டும். ஆண்டின் முதல் கூட்டத்தில் மன்றம் என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, இப்போதெல்லாம் இந்த விதியையும் சேர்த்தே சொல்கிறேன்.