மிஸ், அந்தச் சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை

அன்புள்ள மிஸ்,

உங்களுக்கு இடமாற்றம் வந்துவிட்டதாம். விதானையாரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆச்சி, "அந்தப் பிள்ளை போகுதாமே, இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முப்பத்துமூன்று வருடம் படிப்பித்தவள் நான். மாற்றலாகிப் போகிற ஆசிரியருக்கு மாலை போட்டு, நாலு பேர் பேசி, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவது பள்ளிக்கூட வழக்கம். சமூகசேவை உத்தியோகத்தருக்கு யார் பிரியாவிடை வைப்பார்கள்? உங்களிடம் வந்து போனவர்களில் பாதிப் பேருக்கு மேடைப் படி ஏறவே ஏலாது.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் பெயரை எழுதவில்லை. எங்கள் நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்கு முறைப்பாட்டாலும் கரைச்சல், புகழாலும் கரைச்சல். தனியாக அனுப்பினால் நீங்கள் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடுவீர்கள். வேறு சிலரும் வாசிக்கவேண்டிய விஷயம் இது என்பதால் திறந்தே எழுதுகிறேன்.

தம்பியின் கதை உங்களுக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. 1990இல் பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனான். எங்கே போனான் என்று எங்கள் பக்கத்தில் விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு சித்திரையில், ஆனையிறவில் சண்டை நடந்த நாட்களில், இயக்கச்சிப் பக்கம் மிதிவெடியில் இடதுகால் போனது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். வன்னியிலே வெட்டி, வன்னியிலேயே மாறியது. வெட்டினவர் யார், எந்தத் திகதி, என்ன மருந்து என்றெல்லாம் எழுதியிருந்த துண்டு 2009 வைகாசியில் எந்தக் கடற்கரை மணலில் கிடந்ததோ தெரியாது. 2011இல் புனர்வாழ்வு முடிந்து வெளியே வந்தபோது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அம்மா ஒரு றங்குப்பெட்டி வைத்திருந்தா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, அரிசியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத்தான் தலையில் தூக்கினா. காணி உறுதி, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், என் சோதனைப் பெறுபேறு எல்லாம் அதற்குள் தப்பின. பின்னர் தம்பிக்கு அடையாள அட்டை எடுக்க அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. ஆனால் அவன் கால் போனதற்கு ஒரு காகிதமும் அதற்குள் இருக்கவில்லை. பெட்டியை மூடிய பிறகு நடந்த விஷயம் அல்லவா அது.

தெற்கில் ஒரு சிப்பாய்க்குக் கால் போனால் மருத்துவச் சபை கூடும், தரம் எழுதும், சம்பளம், ஓய்வூதியம் என்று ஒரு பாதை இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை என்று தனி நிறுவனமே உண்டு. அந்தப் பாதையும் பூப்போட்ட பாதை இல்லை. 2016 கார்த்திகையில் கால் இல்லாதவர்களும் கண் இல்லாதவர்களும் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் ஜனாதிபதி செயலகத்துக்குப் பக்கத்தில் நின்றதையும், பொலிஸார் அவர்களைக் கலைத்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தம்பி கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்களுக்கே உப்பிடி எண்டால்..." என்றான். மிச்சத்தைச் சொல்லவில்லை. மற்றப் பக்கத்தில் நின்று கால் இழந்தவனுக்குச் சபையும் இல்லை, தரமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கொடுப்பனவு ஒன்றுதான் கதவு. அந்தக் கதவை அவன் முதலில் தட்டியது வேறொரு மாவட்டத்தில். பெயர் வேண்டாம்.

2012 என்று நினைக்கிறேன். அலுவலகம் மாடியில். பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. அந்தப் படிகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தம்பி பொய்க்காலைப் பூட்டிக்கொண்டு, கைபிடியைத் தொடாமல் ஏறினானாம். அதைப் பெருமையாகவே எனக்குச் சொன்னான். பிறகு மருத்துவச் சான்றுக்குப் போன இடத்தில், "உங்கடை வேலையளை நீங்கள் செய்வியளோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஓம், எல்லாம் செய்வன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறான். களுசான் மறைத்த காலை அவர்களும் கழற்றிப் பார்க்கவில்லை, இவனும் காட்டவில்லை. விண்ணப்பம் போன இடம் தெரியாமல் போனது. இனி ஒருவரிடமும் கையேந்த மாட்டேன் என்று 2014இல் புத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தான். அதன்பிறகு ஐந்து வருடம் படிவம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க முடியாது.

நீங்கள் வந்தது 2019 ஆவணியில், ஒரு பின்னேரம். நிலாவரைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தீர்கள், முகமெல்லாம் செம்மண் புழுதி. வேறு வீட்டுக்கு வந்தவர், எங்கள் படலையடியில் நின்று வழி கேட்டீர்கள். வழி சொல்ல எழும்பி வந்த தம்பியின் நடையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குக் கொடுப்பனவு வருதோ?" என்றீர்கள். அவன் பதில் சொல்லாமல் திரும்பினான். நான்தான் வெட்கத்தை விட்டு உங்களை உள்ளே கூப்பிட்டேன்.

அடுத்த கிழமை முறைப்படி வீட்டுப் பரிசோதனைக்கு வந்தீர்கள். அன்று தம்பி செய்த கூத்து உங்களுக்கு மறந்திருக்காது. மினுக்கின சேட்டு. காலைப் பூட்டி, சப்பாத்தும் போட்டு, தானே போய்ப் படலை திறந்து, தேத்தண்ணியும் தானே கொண்டுவந்து வைத்தான். சிந்தவேயில்லை. நீங்கள் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, இண்டைக்கு வீரம் வேண்டாம். காலைக் கழட்டுங்கோ" என்றீர்கள்.

அந்த வீட்டில் அந்த வசனத்தைச் சொல்ல அதுவரை ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. எனக்கும்தான்.

கழற்றினான். உள்ளே போட்டிருந்த உறையில் பழைய இரத்தம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. வெட்டின காலின் நுனியில் ஐம்பது சதக் குற்றியளவு புண். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற நாட்களில் வாய்க்கால் சேறு உள்ளே போய் உரஞ்சுகிறது என்று அப்போதுதான் சொன்னான். ஒரே வீட்டில் ஐந்து வருடம், எனக்குத் தெரியாது. அவன் தன் உறைகளைத் தானே தோய்த்துக் கிணற்றடிக்குப் பின்னால் காயப்போடுவது ஏனென்று நான் யோசித்ததே இல்லை.

"இனி இந்தக் காலில்லாமல் கக்கூசுக்குப் போறமாதிரிப் போய்க் காட்டுங்கோ" என்றீர்கள். அவன் எழும்பிச் சுவரைப் பிடித்தான். அறை வாசலிலிருந்து விறாந்தை வழியாகக் குசினிக்கு, குசினியிலிருந்து பின்கதவுக்கு. நீங்கள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தீர்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கோடு என்றும் சொல்ல முடியாது. கை வைத்த இடமெல்லாம் அழுக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்று, பின்கதவு நிலை வரைக்கும். நிலையில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. நான் நாள்தோறும் அந்தச் சுவரோரம்தான் போய்வருகிறேன். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கவேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

நீங்கள் அதை எழுதினீர்கள். காலில்லாத வேளைகளில் சுவரைப் பிடித்துத்தான் நகருகிறார், சுவர் இல்லாத இடத்துக்குப் போக முடியாது, மலசலகூடம் வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது, குந்தியிருக்கும் வகை. நாலு வரி. எழுதியதை வாசித்தும் காட்டினீர்கள். தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. கூடியும் இல்லை, குறைந்தும் இல்லை. தமிழ் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல உரைநடை.

காகிதம் இல்லையே என்று நான்தான் புலம்பினேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்று கேட்டால் என்ன சொல்வது? எப்படிப் போனதென்று கேட்டால்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் பிறகு யார் யார் வீடு தேடி வருவார்களோ என்ற பயம் எங்களுக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. நீங்கள் பேனையைப் படிவத்தின் மேல் வைத்து, "ரீச்சர், இதுக்கு வேண்டியது இப்ப அவருக்கு என்ன ஏலாது எண்டதுதான். வெட்டினவரைத் தேடத் தேவையில்லை. அரசாங்க டொக்டர் ஒருவர் பார்த்து எழுதினால் சரி" என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்கிற நிலையத்தில் தம்பிக்கு அளவெடுத்த அட்டை இருந்தது. அதைப் பிரதியெடுத்து இணைக்கச் சொன்னதும் நீங்கள்தான். எங்களுக்கு அது சாமான் வாங்கின பற்றுச்சீட்டு மாதிரி. சான்று என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

டொக்டரிடம் போகமுதல் நீங்கள் தம்பிக்குச் சொன்னதை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "நல்ல நாளைச் சொல்லாதேங்கோ. மழை நாளைச் சொல்லுங்கோ. புண் வந்த கிழமையைச் சொல்லுங்கோ. கூட்டிச் சொல்லவேண்டாம், அது பாவம். ஆனால் குறைச்சும் சொல்லாதேங்கோ, அதுகும் பொய்தான்." அவன் சிரித்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டொக்டருக்கு முன்னால் தானாகவே காலைக் கழற்றினான்.

அமெரிக்காவில் இருக்கிற மருமகன் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான், அங்கே படையில் இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனால் அட்டவணைப்படி 40 வீதமாம். அதை வைத்துத்தான் மாதாமாதம் காசாம். இந்தியாவில் காயத்தால் படையைவிட்டு அனுப்பப்பட்டவருக்கு 50க்குக் குறைந்த வீதத்தை 50 என்றே எடுப்பார்கள் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். தம்பி கணக்குப் போட்டான். "அப்ப அமெரிக்காவிலை நான் அறுபது வீதம் ஆள். இந்தியாவிலை அரைவாசி. இஞ்சை மிஸ் எழுதினதிலை மட்டும்தான் முழு ஆள்." பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் நீங்கள் வீதம் ஒன்றும் எழுதவில்லை, சுவரை எழுதினீர்கள் என்பதை அவன் கவனித்திருக்கிறான்.

எழுதியவுடன் காசு வரவில்லை. ஒதுக்கீட்டுக்குத் தக்கபடிதான் பெயர் ஏறும், மிச்சப் பேர் காத்திருப்புப் பட்டியலில். ஒவ்வொரு மாதமும் நான் வந்து கேட்டேன். எனக்கே என்மேல் வெறுப்பு வருமளவுக்குக் கேட்டேன். நீங்கள் ஒருமுறைகூட "வந்தால் அறிவிப்பம்" என்று முடிக்கவில்லை. பட்டியலைத் திறந்து விரலை வைத்து, "போன மாசம் இதிலை, இப்ப இதிலை" என்று காட்டினீர்கள். சில மாதங்களில் விரல் அசையவே இல்லை. அதையும் மறைக்கவில்லை. ஒருவழியாக 2021 தையில் முதல் 5,000 ரூபாய் வந்தது. இடையில் 7,500 ஆகி, 2025 சித்திரையிலிருந்து 10,000. விலைவாசிக்கு இது காணாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை. முதல் மாதக் காசில் தம்பி இரும்புக் குழாய் வாங்கிக் கக்கூசுச் சுவரில் பூட்டினான். சுவரில் துளை போடும்போது என்னைக் கிட்ட வரவிடவில்லை.

உங்களுடைய இடத்துக்கு வருகிறவருக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுப் பரிசோதனைக்குப் போகும்போது ஆளை மட்டும் பார்க்காமல் சுவரையும், கதவு நிலையையும், கிணற்றுக் கட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மினுக்கின சேட்டை நம்பவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

போகமுதல் ஒருநாள் வீட்டுக்கு வரவேண்டும். மரவள்ளி கிண்டுகிற காலம். தம்பி ஒரு பை கட்டி வைத்திருக்கிறான், இலஞ்சம் என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தப் பொங்கலுக்கும் வெள்ளை அடித்தோம். அந்தச் சுவரை மட்டும் விடச் சொன்னான். ஏனென்று நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: புத்தூரிலும் ஆவரங்காலிலும் சிறுப்பிட்டியிலும் நவக்கிரியிலும், பழைய துண்டு இல்லை என்பதற்காகவோ கேட்க வெட்கப்பட்டோ இன்னும் விண்ணப்பிக்காமல் இருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. விதானையாரிடம் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் சமூகசேவைப் பகுதிக்குப் போங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். படிவத்துக்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
புத்தூர்.