ஆம்பூர் தோல் லோடும் பழைய பிக்கப்பும்: டீசல் இன்ஜின் மாற்றினால் கட்டுப்படியாகுமா?

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஆம்பூர். பிரியாணி வாசனைதான் ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால், மூக்கில் முதலில் ஏறுவது தோல் வாசனை. சீரக சம்பாவும் எண்ணெய்க் கத்தரிக்காயும் அதற்குப் பிறகுதான்!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீள்கிறது இந்தத் தோல் நகரங்களின் வரிசை. உப்புப் போட்ட தோல் டேனரிக்குப் போக வேண்டும். பதனிட்ட தோல் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டும். சென்னை பெரியமேட்டுக்கும் லோடு உண்டு. பெரிய லாரி நுழையாத தெருக்களில் இந்த வேலையைச் செய்பவை பிக்கப்புகள். டி.என். 23, டி.என். 83 என்று பலகை மாட்டிய இவற்றில் பல, ஓட்டுபவரின் சொந்த வண்டி. குடும்பத்துக்கே அது ஒன்றுதான் சம்பாத்தியம்.

அப்படி ஒரு பழைய வண்டியின் இன்ஜின் புகை கக்கத் தொடங்கினால், வீட்டில் தூக்கம் போய்விடும். இன்ஜின் வேலை செய்வதா, வண்டியை விற்பதா, இல்லை வேறொரு டீசல் இன்ஜினைத் தூக்கி வைப்பதா?

மூன்றாவது யோசனை புதிதல்ல. பெட்ரோல் ஜீப்பிலும் பழைய அம்பாசிடரிலும் டீசல் இன்ஜினை ஏற்றி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலை பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்தது. 1980 வாக்கில் கம்பெனியிலிருந்தே டீசல் அம்பாசிடர் வந்தது. காரணம் விலை. 2012-ல்கூட பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. அதன்பின் இடைவெளி சுருங்கி, தமிழ்நாட்டில் எட்டு ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது.

ஓர் உத்தேசக் கணக்கு போடலாம். பெட்ரோல் பிக்கப் லிட்டருக்கு 12 கி.மீ, டீசல் 15 கி.மீ தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்றால், கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2.25 ரூபாய். மாதம் 1,500 கி.மீ ஓடினால் 3,400 ரூபாய்கூட வராது. மாற்றும் செலவு ஒன்றரை லட்சம் என்றால், போட்ட காசு திரும்பவே மூன்றே முக்கால் வருடம் ஆகும். அதுவும் வண்டி ஒருநாள்கூடப் படுக்காமல் ஓடினால்!

செலவு இன்ஜினோடு நிற்பதும் இல்லை. டீசல் இன்ஜின் கனமானது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பது. அதனால் அதிர்வு அதிகம். மவுன்ட்டிங், முன்பக்க சஸ்பென்ஷன், கிளட்ச், ரேடியேட்டர், பேட்டரி எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும். ஆர்.பி.எம் குறைவு என்பதால், பெட்ரோல் வண்டியின் பழைய பின்பக்க கிரௌன் வீல் அப்படியே இருந்தால், நெடுஞ்சாலையில் இன்ஜின் கதறும்; வேகம் வராது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இழுக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர், பெரியமேடு போகும் வழியில் நொந்துபோவார்.

ஆனால், உண்மையான சிக்கல் ஆர்.டி.ஓ ஆபீஸில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதே கம்பெனி, அதே ரக இன்ஜின் என்றால் வழி இருக்கிறது. அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு மாநில அரசு இதில் விலக்கு தரலாம் என்கிறது சட்டம். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. இது கொஞ்சம் உறுத்தலான விஷயம்தான்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் பில்லையும் இன்ஜின் நம்பரையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. திருட்டு வண்டியின் இன்ஜின் என்று தெரியவந்தால் பிக்கப்பும் ஸ்டேஷனில் நிற்கும். ஆர்.சி-யில் ஏறாத இன்ஜினோடு விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு.

புகையையும் லேசாக விட முடியாது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பி.எஸ்-6 விதி. பழைய டீசலுக்கு எஃப்.சி காட்டுவது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது.

ஆக, பெட்ரோல் வண்டியில் டீசலை ஏற்றுவது இன்று கட்டுப்படியாகாது. டீசல் பிக்கப்பாக இருந்தால், அதன் இன்ஜினையே பிரித்து வேலை செய்வது நல்லது. பிளாக் உடைந்திருந்தால் மட்டும் அதே ரக இன்ஜினை முறைப்படி மாற்றலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உப்புத் தோல் ஏற்றும் வண்டியில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, இன்ஜினுக்கு முன்பே சேஸிஸை அரித்துவிடும். வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்று கேட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். துரு பொலபொலவென உதிர்ந்தால், இன்ஜினுக்கு வைத்திருந்த பணத்தை அடுத்த வண்டியின் முன்பணமாகக் கட்டிவிடலாம்.