விக்கிரமன் விடை சொல்லாத இடம்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரே இதழ் இரண்டு எழுத்துகளில் வாசிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு ‘அம்புலிமாமா’, தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகளுக்கு ‘சந்தமாமா’. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய இதழ் அது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. விக்கிரமனோ எல்லையின் இருபுறமும் அதே வேதாளத்தைச் சுமந்து நடந்தான். எங்கள் பகுதிக்கு இரு மொழியிலும் பொதுவாக இருந்த அதிமனிதன் அவன்தான்.

2013-இல் இதழ் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து படித்தவர்களுக்கு ‘இதுவே கடைசி’ என்று சொல்லி முடித்த ஒரு கதை கிடைக்கவில்லை. உருவிய வாளும் தோளில் பிணமுமாக அந்த மன்னனை வரைந்த ஓவியர் சங்கர் 2020 செப்டம்பர் 29 அன்று மறைந்தபோது, பலரும் அந்தப் படத்தையே பகிர்ந்து அஞ்சலி எழுதினார்கள். விக்கிரமனுக்குச் சொல்லாமல் விட்ட விடையையும் வாசகர்கள் அன்றுதான் சொல்லிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

முடிவு இல்லாமல் போனதற்குக் கதையின் அமைப்பும் ஒரு காரணம். மன்னன் விடை சொன்னால் மௌனம் கலையும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். மூலக் கதைகள் தீர்ந்த பிறகும், இதே சட்டகத்துக்குள் புதிய கதைகளை எழுதிச் சேர்க்க முடிந்தது. ஆனால் பழைய கதைக்கு முடிவு உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில், ஒரு கேள்விக்கு மட்டும் மன்னன் வாய் திறப்பதில்லை. அது உறவுமுறை பற்றிய கேள்வி.

ஒரு தந்தையும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய பாதம் உடையவளைத் தந்தையும் சிறிய பாதம் உடையவளை மகனும் மணப்பது என முடிவு செய்கிறார்கள். பெரிய பாதம் மகளுடையது, சிறியது தாயுடையது என்பது பிறகே தெரிகிறது. சொன்ன சொல் மாறாமல் மணம் முடிக்கிறார்கள். இரு இணையருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

நம் முறைப்படி கணக்கிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இருவரும் ஆண்கள் என்று கொள்வோம். தந்தைக்குப் பிறந்தவன் மற்றவனுக்குச் சித்தப்பா. அந்த மற்றவனோ இவனுக்குத் தாய்மாமன். ‘இருவரும் ஒருவருக்கொருவர் அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். தமிழிலும் தெலுங்கிலும் அது நடக்காது. சித்தப்பா, தெலுங்கில் பாபாய், பங்காளி வழி. தாய்மாமன், தெலுங்கில் மேனமாமா, கொண்டு கொடுக்கும் வழி. ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரு பக்கமும் நிறுத்த முடியாது. தமிழில் உறவைக் குறிக்கும் ‘முறை’, தெலுங்கில் அதற்கு ஈடான ‘வரச’, இரண்டுக்குமே ‘வரிசை, ஒழுங்கு’ என்ற பொருளும் உண்டு. அந்த ஒழுங்கு குலையும் இடத்தில் மன்னன் மௌனமாகிறான்; வேதாளம் மகிழ்ந்து உண்மையைச் சொல்கிறது; கதை முடிகிறது.

இந்தக் கதை வடமொழியில் எழுதப்பட்டது. ஆயினும் அதன் இறுதிக் கேள்வியின் முழு எடையையும் உணர, தாய்மாமனையும் சித்தப்பாவையும் பிரித்தறியும் மொழி வேண்டும் என்று நினைக்கிறேன். நிலவைத் தாயின் உடன்பிறந்தவனாக்கிய இதழின் வாசகர்களுக்கு அந்த மொழி இரண்டு வடிவங்களில் இருந்தது.

இதழ் போன பின்னும் அடைமொழிகள் போகவில்லை. தமிழில் அவன் ‘மனம் தளராத’ விக்கிரமன். தெலுங்கில் ‘பட்டு வதலனி’ விக்ரமார்க்கன், அதாவது பிடித்த பிடியை விடாதவன். தமிழ் மனத்தைப் பார்க்கிறது, தெலுங்கு பிடியைப் பார்க்கிறது. அம்புலிமாமாவை ஒருமுறைகூடப் புரட்டியிராத மாணவர்களும், மூன்றாம் முறையாகத் தேர்வு எழுதும் நண்பனை இன்று இப்பெயரால் அழைக்கிறார்கள். இரு மொழியும் புழங்கும் உங்கள் வீட்டில் எந்தத் தொடர் வழங்குகிறது? அறிய ஆவல்.